பத்திரத்தில் இல்லாத பங்காளி: இத்தாலிய வில்லாக்கள் கைமாறிய வரலாறு

ரோம் நகரைச் சுற்றிய பழைய மதிலின் வடபக்கத்தில் பின்சியானா வாசல் என்று ஒரு கோட்டை வாசல் உண்டு. 1880கள் வரை அதன் இருபுறமும் இரண்டு பெருந்தோட்டங்கள் இருந்தன. மதிலுக்கு வெளியே போர்கேசே வில்லா. உள்ளே லுடோவீசி வில்லா. முதலாவதை அமைத்த கார்டினல் ஸ்கிபியோனே போர்கேசே, போப் 5ஆம் பவுலின் சகோதரி மகன். இரண்டாவதை அமைத்த கார்டினல் லுடோவிகோ லுடோவீசி, போப் 15ஆம் கிரகோரியின் தம்பி மகன். இரண்டும் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சில ஆண்டு இடைவெளியில் எழுந்தவை. இரண்டிலும் பழங்காலச் சிலைகள், ஓவியம் தீட்டிய கூடங்கள், மரநிழல் கவிந்த நடைபாதைகள்.

இன்று போர்கேசே வில்லா ரோம் மக்களின் பூங்கா. லுடோவீசி வில்லா இருந்த இடத்தில் வெனேட்டோ வீதியின் ஓட்டல்களும் வங்கிகளும் நிற்கின்றன. நகரம் ஒன்று, காலம் ஒன்று, உடைமையாளர்களின் குலப்பெருமையும் கடன் தொல்லையும் ஏறக்குறைய ஒன்று. ஆனாலும் ஒரு தோட்டம் பிழைத்தது. இன்னொன்று மனைகளாகக் கூறுபோடப்பட்டது.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் தேடினால் இத்தாலிய வில்லாக்களின் ஐந்நூறு ஆண்டு வரலாற்றுக்கே ஒரு திறவுகோல் கிடைக்கிறது. ஒருவர் மட்டுமே முழுச் சொந்தம் கொண்டாடிய வில்லாக்கள் பெரும்பாலும் அவர் நொடித்தபோது அவரோடு சேர்ந்து அழிந்தன. அவரைத் தவிர வேறு யாருக்காவது ஒரு பங்கு இருந்த வில்லாக்களே அதிகம் தப்பின. அந்தப் பங்கு பிறக்கப்போகும் வாரிசுகளுடையதாக இருக்கலாம், ஊர் மக்களுடையதாக இருக்கலாம், அரசினுடையதாக இருக்கலாம். பத்திரத்தில் பெயர் இல்லாத அந்தப் பங்காளியைத் தேடிப் போகிறது இக்கட்டுரை.

வீடும் வயலும்

வில்லா என்றதும் தோட்டம் சூழ்ந்த சொகுசு வீடுதான் நம் கண்முன் வருகிறது. லத்தீனில் அந்தச் சொல்லுக்கு நாட்டுப்புறப் பண்ணை என்று பொருள். வீடு, களஞ்சியம், தொழுவம், வயல், அங்கே உழைக்கும் குடிகள் எல்லாம் சேர்ந்ததே வில்லா. வெனிஸ் குடியரசின் உள்நாட்டுப் பகுதியான வெனேட்டோவில் 16ஆம் நூற்றாண்டில் எழுந்த வில்லாக்கள் இந்தப் பொருளுக்கு முழுக்கப் பொருந்தியவை.

வெனிஸ் பிரபுக்கள் கடல் வணிகத்தில் செல்வம் சேர்த்தவர்கள். கீழைக் கடல் வணிகம் நிச்சயமற்றதாக மாறி, தானிய விலையும் ஏறியபோது அவர்களுடைய பணம் நிலத்தின் பக்கம் திரும்பியது. சதுப்பு நிலங்களை வடித்துச் சாகுபடிக்குக் கொண்டுவருவதற்கென்றே 1556இல் குடியரசு ஒரு நிரந்தர அமைப்பை ஏற்படுத்தியது. நிலத்தை நேரில் நின்று கவனிக்க பிரபுவுக்கு ஒரு வீடு வேண்டியிருந்தது. அந்த வீட்டுக்கு வடிவம் தந்தவர் ஆந்திரேயா பல்லாடியோ. நடுவில் கோயில் முகப்புபோல் தூண் வரிசை கொண்ட இல்லம்; அதன் இருபுறமும் கைகளை நீட்டியதுபோல் நீண்ட கொட்டகைகள். ‘பர்கெஸ்ஸா’ எனப்படும் அந்தக் கொட்டகைகளில் தானியமும் கலப்பையும் மாடுகளும் இருந்தன. ஃபான்ட்சோலோ கிராமத்தில் எமோ குடும்பத்துக்காக அவர் கட்டிய வில்லாவில் இந்த அமைப்பை இன்றும் பார்க்கலாம். மாளிகையின் அழகு அந்தக் கொட்டகைகளின் வரவு செலவில்தான் நின்றது.

நிலம் கையைவிட்டுப் போனால் வீட்டைப் பராமரிக்கும் வருமானமும் போய்விடும். பிற்காலத்தில் வில்லாக்களுக்கு நேர்ந்த துன்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு வேர் இதுவே.

பிரிக்க முடியாத சொத்து

இந்த ஆபத்தைப் பழைய குடும்பங்கள் நன்றாக அறிந்திருந்தன. வெனிஸ் பிரபுக்களிடம் ‘ஃபிரத்தெர்னா’ என்ற வழக்கம் இருந்தது. அண்ணன் தம்பிகள் பாகப்பிரிவினை செய்யாமல் சொத்தைப் பொதுவில் வைத்துக்கொள்வார்கள். பல வீடுகளில் ஒரு சகோதரன் மட்டுமே திருமணம் செய்துகொள்வான். பிரென்டா ஆற்றங்கரையில் ‘மால்கொன்டென்டா’ என்று பெயர்பெற்ற ஃபோஸ்காரி வில்லாவை நிக்கோலோ, அல்விசே என்ற இரு சகோதரர்களுக்காகப் பல்லாடியோ கட்டினார்.

இத்தாலி முழுவதும் இதைவிட இறுக்கமான ஒரு கட்டும் இருந்தது. அதன் பெயர் ‘ஃபெதெகொம்மெஸ்ஸோ’. ஒரு முன்னோர் தம் உயிலில், இந்தச் சொத்து தலைமுறை தலைமுறையாகக் குறிப்பிட்ட வாரிசுக்கே போக வேண்டும், இடையில் யாரும் விற்கவோ பிரிக்கவோ கூடாது என்று எழுதிவைக்கலாம். அப்படி எழுதிவிட்டால் வீட்டில் குடியிருக்கும் பிரபுவும் பாதுகாவலர்போலத்தான். இன்னும் பிறக்காத பேரனுக்கும் அந்தச் சொத்தில் பங்கு உண்டு. கடன் கொடுத்தவர்களை ஏமாற்றவும், தம்பி தங்கைகளை வெறுங்கையோடு நிறுத்தவும் இது பயன்பட்டது என்பதை மறைக்கக் கூடாது. மூத்தவனுக்கு மாளிகை, மற்றவர்களுக்கு மடாலயம் என்ற கொடுமை இதன் மறுபக்கம்.

1797 மே 12 அன்று நெப்போலியனின் படைக்கு முன் வெனிஸ் குடியரசு தன்னைத் தானே கலைத்துக்கொண்டது. அவர் கொண்டுவந்த சட்டத் தொகுப்பு வாரிசுகளுக்குள் சமப் பங்கை வலியுறுத்தியது. ஃபெதெகொம்மெஸ்ஸோவின் கட்டை அவிழ்த்தது. அநீதி ஒன்று நீங்கியது. அதோடு, வில்லாக்களைக் கட்டிக்காத்த கயிறும் அறுந்தது.

ஸ்ட்ரா என்ற ஊரில் உள்ள பிசானி வில்லா இந்தத் திருப்பத்தின் சாட்சி. பிசானி குடும்பத்தில் பிறந்த அல்விசே 1735இல் வெனிஸின் 114ஆவது தலைவரானார். அந்த எண்ணைக் கௌரவிக்கும் வகையில் மாளிகைக்கு 114 அறைகள் என்பார்கள். பெருங்கூடத்தின் விதானத்தில் ஓவியர் தியேப்போலோ 1760களின் தொடக்கத்தில் பிசானி குலத்தின் புகழை வானளாவத் தீட்டினார். ஓவியம் முடிந்து ஐம்பது ஆண்டுகூட ஆகவில்லை. கடனில் மூழ்கிய குடும்பம் 1807இல் வில்லாவை நெப்போலியனுக்கே விற்றது. அவர் அதைத் தம் பிரதிநிதியான யூஜீன் தெ போஆர்னேக்குக் கொடுத்தார். அவருக்குப்பின் ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் வம்சம், 1866இல் வெனேட்டோ இத்தாலியோடு சேர்ந்தபின் சவோய் அரச குடும்பம், 1880களில் இத்தாலிய அரசு என்று அது கைமாறியது. அது அருங்காட்சியகமான பிறகு, 1934 ஜூனில் முசோலினியும் ஹிட்லரும் முதன்முதலாகச் சந்தித்ததும் அங்கேதான். தியேப்போலோவின் விதானத்தில் பிசானிகள் இன்னும் மேகங்களின் மேல் வீற்றிருக்கிறார்கள். அந்த வீடு அவர்கள் கையைவிட்டுப் போய் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

1887ஆம் ஆண்டின் தீர்ப்பு

ரோமுக்குத் திரும்புவோம். 1871இல் அது ஒன்றுபட்ட இத்தாலியின் தலைநகரானது. அப்போது சுமார் 2 லட்சமாக இருந்த மக்கள்தொகை அடுத்த முப்பது ஆண்டுகளில் இரு மடங்கானது. மனை விலை ஏறியது. வங்கிகள் கட்டடக்காரர்களுக்குக் கடனை அள்ளிக் கொடுத்தன. மதிலுக்குள் இருந்த ஒவ்வொரு தோட்டமும் பொன் விளையும் மனையாகத் தெரிந்தது.

லுடோவீசி வில்லாவுக்குள் நுழைய இளவரசரின் அனுமதி வேண்டும். தோட்டத்தின் அழகைப் பயணிகள் புகழ்ந்தார்கள். ஆனால் ஊர் மக்களுக்கு அதில் நடந்து பழக்கமில்லை. 1880களின் நடுவில் உடைமையாளரான போன்கொம்பாஞ்ஞி லுடோவீசி குடும்பம் ஒரு கட்டுமான நிறுவனத்தோடு சேர்ந்து தோட்டத்தை மனைப்பிரிவாக்கியது. மரங்கள் வெட்டப்பட்டன, சாலைகள் போடப்பட்டன. இளவரசர் தமக்காக அங்கேயே ஒரு புதிய அரண்மனை கட்டினார். சில ஆண்டுகளில் கட்டுமானச் சந்தை சரிந்தது. அந்த அரண்மனையையும் அவர் இழந்தார். 1900 முதல் இத்தாலியின் மார்கரீத்தா அரசி அதில் வாழ்ந்தார். 1946இல் அமெரிக்க அரசு வாங்கியது. இன்று அது அமெரிக்கத் தூதரகம்.

போர்கேசே வில்லாவில் வேறு மரபு இருந்தது. வருபவர் விரும்பிய இடத்துக்குப் போகலாம், விரும்பியபோது திரும்பலாம் என்று அயலாரை வரவேற்கும் ஒரு லத்தீன் கல்வெட்டை ஸ்கிபியோனேயின் காலத்திலேயே அங்கே வைத்திருந்தார்கள். அதன்பின் தலைமுறை தலைமுறையாக ரோம் மக்கள் அங்கே உலவினார்கள், விழா எடுத்தார்கள், குழந்தைகளை விளையாட விட்டார்கள். 1880களில் குடும்பம் கதவை அடைக்க முற்பட்டபோது ரோம் நகராட்சி வழக்குத் தொடுத்தது.

குடும்பத்தின் வாதம் எளிமையானது. நிலம் எங்களுடையது; இதுவரை உள்ளே விட்டது எங்கள் பெருந்தன்மை; பெருந்தன்மையை எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம். மேல்முறையீட்டின் கடைசிப் படியான ரோம் காசேஷன் நீதிமன்றம் 1887 மார்ச்சில் இதை ஏற்க மறுத்தது. நிலம் இளவரசருடையதுதான், ஆனால் நினைவுக்கெட்டாத காலமாக மக்கள் அதைப் பயன்படுத்தி வந்ததால் அவர்களுக்குப் ‘பொதுப் பயன்பாட்டு உரிமை’ உண்டு என்றது தீர்ப்பு. இத்தாலியச் சட்டக் கல்வியில் இன்றும் பேசப்படும் தீர்ப்பு இது. ஊரார் நடந்த நடையே அவர்களுடைய பத்திரமாயிற்று.

மக்களுக்கு உலவும் உரிமை உள்ள தோட்டத்தை மனைபோட்டு விற்க முடியாது. உள்ளே இருந்த கலைச் செல்வத்துக்கும் ஒரு காவல் இருந்தது. 1807இல் காமில்லோ போர்கேசே தம் மைத்துனர் நெப்போலியனுக்கு நூற்றுக்கணக்கான பழஞ்சிலைகளை விற்றிருந்தார். அவை இன்று லூவ்ரில் உள்ளன. அந்த இழப்பின் பாடத்தோடு 1833இல் எஞ்சிய தொகுப்பு, நெப்போலியனுக்குப்பின் ரோமில் மீண்டும் உயிர்பெற்றிருந்த ஃபெதெகொம்மெஸ்ஸோவின் கட்டுக்குள் வைக்கப்பட்டது. 1871இல் ரோமில் அந்தக் கட்டுகள் ஒழிக்கப்பட்டபோதும், கலைத் தொகுப்புகளை மட்டும் பிரிக்கவோ விற்கவோ கூடாது என்று அதே சட்டம் விலக்கு வைத்தது. 1899இல் தித்தியானின் ‘புனிதக் காதலும் உலகியல் காதலும்’ என்ற ஓர் ஓவியத்துக்கு மட்டும் ராத்ஸ்சைல்டு குடும்பம் 40 லட்சம் லிரா தர முன்வந்தது, விற்பனை நடக்கவில்லை. நொடித்துப்போன குடும்பத்திடமிருந்து தொகுப்பு முழுவதையும் அரசு 36 லட்சம் லிராவுக்கு வாங்கியது. 1903இல் தோட்டம் ரோம் நகராட்சிக்கு வந்தது. கட்டு இல்லாதிருந்தால் தொகுப்பு உலகச் சந்தையில் சிதறியிருக்கும். மக்கள் உரிமை இல்லாதிருந்தால் தோட்டத்தில் இன்று அடுக்குமாடிகள் இருந்திருக்கும்.

பாதி வாரத்தில் நின்ற அழகு

தொஸ்கானாவில் கதை வேறு விதமாகப் போயிற்று. அங்கே மெடிச்சி வம்சத்தின் கடைசி வாரிசான அன்னா மரியா லூயிசா, 1737இல் ஆட்சியை ஏற்கவந்த லொரேன் வம்சத்தோடு ஒரு குடும்ப ஒப்பந்தம் செய்தார். மெடிச்சிகள் சேர்த்த ஓவியம், சிலை, நூல், நகை எதுவும் தொஸ்கானாவை விட்டுப் போகக் கூடாது. அவை நாட்டின் அணியாகவும் மக்களின் பயனுக்காகவும் அயலாரின் ஆர்வத்தை ஈர்க்கவும் அங்கேயே இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஃபிளாரன்ஸ் இன்றும் ஃபிளாரன்சாக இருப்பதற்கு அந்தப் பெண்மணியின் தொலைநோக்கு பெருங்காரணம்.

ஆனால் அந்த ஒப்பந்தத்தின் கவனமெல்லாம் கலைப்பொருள்கள்மீதே. வில்லாக் கட்டடங்களுக்கு அத்தகைய காவல் இல்லை. முதலாம் பிரான்செஸ்கோ மெடிச்சிக்காகப் புவோன்தலேன்தி பிரடோலினோவில் கட்டிய வில்லா, நீர் விளையாட்டுகளுக்கும் தானே இயங்கும் பொம்மைகளுக்கும் ஐரோப்பா முழுவதும் பெயர்பெற்றது. லொரேன் ஆட்சியாளர்கள் 1820களில் அதை இடித்துவிட்டார்கள். ஜாம்போலோஞ்ஞா செதுக்கிய ‘அப்பென்னினோ’ என்ற மலையரசனின் பேருருவம் மட்டும் குளக்கரையில் குனிந்து அமர்ந்திருக்கிறது. 1872இல் ரஷ்யாவின் டெமிடாஃப் குடும்பம் அந்த இடத்தை வாங்கியது. 1981இல் ஃபிளாரன்ஸ் மாகாணம் அதைப் பொதுமக்களுக்காக வாங்கியது. 2013இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த 12 மெடிச்சி வில்லாக்களோடு சேர்ந்த இரண்டு தோட்டங்களில் பிரடோலினோவும் ஒன்று. அதை வில்லாக்களின் கணக்கில் சேர்க்க அங்கே மெடிச்சி வில்லா இல்லை.

தொஸ்கானா வில்லாக்களைச் சூழ்ந்த நிலம் ‘மெட்சாத்ரியா’ என்ற முறையில் பயிரானது. பாதி வாரம் என்று தமிழில் சொல்லலாம். நிலமும் வீடும் முதலாளியுடையவை. குடும்பத்தோடு உழைப்பவர் வாரக்குடியானவர். விளைச்சலில் ஆளுக்குப் பாதி. சைப்ரஸ் மர வரிசை, ஒலிவத் தோப்பு, திராட்சைப் பந்தல், குன்றின்மேல் கல்வீடு என்று இன்று அஞ்சலட்டைகளில் காணும் அந்த நிலக்காட்சி, பல நூற்றாண்டு வாரக்குடிகளின் கைவேலை.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கையில் பணமில்லாத இத்தாலியப் பிரபுக்களிடமிருந்து ஆங்கிலேயரும் அமெரிக்கரும் ஃபிளாரன்ஸ் குன்றுகளில் வில்லா வாங்கத் தொடங்கினார்கள். கலை வரலாற்றறிஞர் பெர்னார்டு பெரன்சன் 1900இல் ‘ஐ தாத்தி’யில் வாடகைக்குக் குடிவந்து, 1907இல் அதை வாங்கினார்; 1959இல் அவர் மறைந்தபின் உயிலின்படி அது ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் போய், மறுமலர்ச்சிக்கால ஆய்வு மையமானது. எழுத்தாளர் ஹரால்டு ஆக்டன் 1994இல் மறைந்தபோது ‘லா பியேத்ரா’வை நியூயார்க் பல்கலைக்கழகத்துக்கு விட்டுச்சென்றார். மெடிச்சிகளின் ஃபியேசொலே வில்லாவில் வளர்ந்த ஐரிஸ் ஒரிகோ, கணவர் அந்தோனியோவோடு 1920களில் ஒர்ச்சா பள்ளத்தாக்கின் வறண்ட களிமண் குன்றுகளில் ‘லா ஃபோசே’ பண்ணையை வாங்கினார். சாலை போட்டு, பள்ளிக்கூடமும் மருத்துவ நிலையமும் கட்டினார்கள். இரண்டாம் உலகப் போரில் அகதிக் குழந்தைகளுக்கும் தப்பிவந்த போர்க்கைதிகளுக்கும் அங்கே அடைக்கலம் தந்தார்கள்.

எவ்வளவு நல்ல முதலாளியாக இருந்தாலும் வாரக்குடிகளின் மனக்குறை தீரவில்லை. உழும் நிலத்தில் அவர்களுக்குச் சொந்தம் இல்லை. போருக்குப்பின் போராட்டங்கள் வலுத்தன. அவர்களுடைய பங்கு 1940களின் இறுதியில் 53 சதவீதமாகவும், 1964ஆம் ஆண்டுச் சட்டத்தில் 58 சதவீதமாகவும் உயர்ந்தது. அதே சட்டம் புதிய வார ஒப்பந்தங்களைத் தடை செய்தது. 1982இல் எஞ்சியவற்றைக் குத்தகையாக மாற்ற வழி பிறந்தது. அதற்குள் இளைஞர்கள் ஆலைகளைத் தேடி நகரங்களுக்குப் போய்விட்டார்கள். காலியான அவர்களுடைய கல்வீடுகளை வெளிநாட்டார் விடுமுறை இல்லங்களாக வாங்கினார்கள். அந்த நிலத்தை அழகாக்கியவர்களுக்கு உரிமை வந்துசேர்ந்தபோது அதை அனுபவிக்க அவர்களில் பலர் அங்கே இல்லை. வில்லாக்களின் வரலாற்றில் என்னை மிகவும் வருத்தும் இடம் இதுதான்.

அரசின் அறுபது நாள்

20ஆம் நூற்றாண்டில் அரசே நிரந்தரப் பங்காளியானது. சில வில்லாக்கள் வரலாற்றின் போக்கில் தாமாகவே அதன் கைக்கு வந்தன. திவோலியில் கார்டினல் இப்போலிதோ தெஸ்தே அமைத்த நீரூற்றுத் தோட்டம் வாரிசு வழியில் ஹாப்ஸ்பர்க் வம்சத்துக்குப் போய், கடைசியில் ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டிடம் இருந்தது. 1914இல் சரயேவோவில் அவர் கொல்லப்பட்டதில் மூண்ட உலகப் போரின் முடிவில் அந்த வில்லா இத்தாலிய அரசுக்கு வந்தது.

தனியார் கையில் உள்ளவற்றுக்கு 1909ஆம் ஆண்டின் மரபுச் சின்னச் சட்டம் காவலானது. 1912இல் வரலாற்றுச் சிறப்புள்ள வில்லாக்கள், பூங்காக்கள், தோட்டங்களுக்கும் அது விரிந்தது. 1939இலும் 2004இலும் சட்டம் புதுப்பிக்கப்பட்டது. இன்றைய நிலையில், சின்னமாக அறிவிக்கப்பட்ட வில்லாவை விற்பவர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அதே விலைக்குத் தானே வாங்கிக்கொள்ள அரசுக்கு 60 நாள் அவகாசம் உண்டு. அந்த நாள்கள் கழியும்வரை விற்பனை முழுமை பெறாது. அனுமதியின்றி இடிக்கவோ மாற்றவோ முடியாது.

சட்டம் இடிப்பதைத் தடுக்கலாம். ஒழுகும் கூரையை மாற்றப் பணம் வேண்டும். 1952இல் ஜுசெப்பே மத்சோத்தி என்பவர் திரெவிசோ நகரில் வெனேட்டோ வில்லாக்களின் அவல நிலையைப் படங்களோடு கண்காட்சியாக வைத்தார். ஓவியக் கூடங்களில் தானியம் குவிந்திருந்தது, விதானங்கள் இடிந்திருந்தன. அந்த அதிர்ச்சியின் விளைவாக 1958இல் வெனேட்டோ வில்லாக்களுக்கென ஒரு பொது அமைப்பு சட்டத்தால் உருவானது. உடைமையாளர்களுக்குச் சலுகைக் கடன் தந்து சீரமைக்கச் செய்தது. இன்று அதன் வழிவந்த நிறுவனத்தின் பட்டியலில் 4,000க்கும் மேற்பட்ட வில்லாக்கள் உள்ளன; பெரும்பாலானவை தனியாருடையவை.

சில வில்லாக்கள் சொந்தக் குடும்பத்துக்கே திரும்பின. மால்கொன்டென்டாவை 19ஆம் நூற்றாண்டில் இழந்த ஃபோஸ்காரிகளின் வழிவந்தவர் 1973இல் அதை மீண்டும் வாங்கினார். சில, நூற்றாண்டுகளாக வைத்திருந்த குடும்பத்தின் பிடியிலிருந்து நழுவின. ஏறக்குறைய 450 ஆண்டு ஒரே குடும்பத்திடம் இருந்த எமோ வில்லாவை 2004இல் ஒரு கூட்டுறவு வங்கி வாங்கியது. சில, கொடையாக வந்தன. கோமோ ஏரிக்கரையின் பால்பியனெல்லோ வில்லாவை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கார்டினல் துரீனி அமைத்தார். பிற்காலத்தில் அது அமெரிக்கத் தளபதி பட்லர் ஏம்ஸிடம் இருந்து, பின் 1974இல் குவிதோ மொன்சினோ கைக்கு வந்தது. எவரெஸ்டில் ஏறிய முதல் இத்தாலியக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அவர். 1988இல் மறைந்தபோது, 1975இல் தொடங்கிய இத்தாலியச் சுற்றுச்சூழல் நிதியம் என்ற மரபுக் காப்பு அறக்கட்டளைக்கு அதை எழுதிவைத்தார். அதைப் பராமரிக்க நிதியும் சேர்த்தே வைத்தார். பண்ணை தந்த வருமானம் போன இடத்தில் வேறொரு வருமானத்தை நிறுத்தினால்தான் வீடு நிற்கும் என்பதை அவர் புரிந்திருந்தார்.

விலைபோகாத வீடு

லுடோவீசி தோட்டம் அழிந்தபோது தப்பிய கட்டடம் ‘கசீனோ தெல்லவ்ரோரா’. அதன் கூடத்தில் 1621இல் குவெர்ச்சீனோ தீட்டிய விடியல் தேவதை இருக்கிறாள். மாடியில் ஒரு சிற்றறை விதானத்தில் ஜுபிடர், நெப்டியூன், புளூட்டோ மூவரையும் காரவாஜ்ஜோ எண்ணெய் வண்ணத்தில் தீட்டியிருக்கிறார். அவர் கையால் வேறெங்கும் அப்படியொரு விதான ஓவியம் இல்லை. வாரிசுரிமைத் தகராறில் நீதிமன்ற உத்தரவுப்படி 2022 ஜனவரியில் வீடு ஏலத்துக்கு வந்தது. மதிப்பு 47.1 கோடி யூரோ. ஏலத் தொடக்க விலை 35.3 கோடி யூரோ. கேட்பார் யாரும் வரவில்லை. விலையைக் குறைத்து மீண்டும் நடத்திய ஏலங்களும் பலிக்கவில்லை. அரசே வாங்க வேண்டும் என்று ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். அரசின் 60 நாள் உரிமை, யாராவது வாங்கிய பிறகுதான் உயிர்பெறும். அதற்கும் அதே விலையைக் கொடுத்தாக வேண்டும்.

அந்த வீட்டிலிருந்து பின்சியானா வாசல் சில நிமிட நடை. வாசலைத் தாண்டினால் போர்கேசே தோட்டம். உள்ளே போகச் சீட்டு எதுவும் வேண்டாம். விடிகாலையில் ஓடுகிறவர்களும், தள்ளுவண்டியில் குழந்தையோடு வருகிறவர்களும், பைன் மரநிழலில் தூங்குகிற முதியவர்களும் அங்கே நிறைந்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் 1887ஆம் ஆண்டின் தீர்ப்பைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். தங்கள் முன்னோர் நடந்து நடந்து சம்பாதித்த உரிமையை, தாங்களும் நடந்தே அன்றாடம் புதுப்பித்துக்கொண்டிருக்கிறார்கள்.